வேலை பெரும்பாக்கத்தில், வழக்கு எந்த ஊரில்?

(பெரும்பாக்கத்தில் நிகழ்ந்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலை நெடுகிலும் மெட்ரோ ரயில் வேலை. மாதவரத்தில் தொடங்கிச் சோழிங்கநல்லூரில் முடியும் ஐந்தாம் வழித்தடத்தில் பெரும்பாக்கத்துக்கும் ஒரு நிலையம் உண்டு. சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எழில் நகர் அடுக்குமாடிகள். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்ட குடும்பங்களுக்காகக் கட்டிய வீடுகள், இருபதாயிரத்துக்கும் மேல். அரசுக் கல்லூரி, செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் வளாகம், குடிநீர்த் தொட்டி, கழிவுநீர்க் குழாய், லிஃப்ட் பராமரிப்பு என்று இந்த ஊரில் பொதுப்பணத்தில் எழுந்த எதை எடுத்தாலும் பின்னால் ஒரு டெண்டர் இருக்கும். டெண்டருக்குப் பின்னால் ஓர் ஒப்பந்தம்.

வேலை நடக்கும் இடத்தில் பலகை வைப்பார்கள். பணியின் பெயர், மதிப்பீடு, முடிக்க வேண்டிய நாள், ஒப்பந்ததாரர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். பில் நின்றுபோனால் அந்த ஒப்பந்ததாரர் எந்த ஊர் நீதிமன்றத்தின் படியேற வேண்டும் என்பது மட்டும் இருக்காது. அது டெண்டர் ஆவணத்தின் பொது நிபந்தனைகளுக்கு நடுவே ஒற்றை வரியாகப் பதுங்கியிருக்கும். டெண்டர் போடும் அவசரத்தில் விலைப்பட்டியலைப் பத்து முறை சரிபார்ப்பவர்கூட அந்த வரியை வக்கீல் வீட்டில்தான் முதன்முதலாக உட்கார்ந்து படிப்பார்.

பெரும்பாக்கத்தில் இந்தக் கேள்விக்கு உள்ளூர்ச் சிக்கலும் உண்டு. ஊர் பரங்கிமலை ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. மாவட்டம், 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து பிரிந்த செங்கல்பட்டு. பக்கத்துச் சோழிங்கநல்லூர் 2011-இலேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது. 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது பெரும்பாக்கம் அதிலும் சேராமல் ஊராட்சியாகவே நின்றது. மாநகராட்சி எல்லை நகர்ந்தால் நீதிமன்ற எல்லையும் கூடவே நகர்ந்துவிடாது. அதற்குத் தனிச் சட்டமோ அறிவிக்கையோ வேண்டும். சென்னை உயர் நீதிமன்றம் நேரடியாக உரிமையியல் வழக்கு விசாரிக்கும் எல்லை எதுவரை என்று சொல்வதற்கு 1927-இல் ஒரு சட்டமே போட்டார்கள். இதில் வேடிக்கை ஒன்று உண்டு. பெரும்பாக்கத்துக்காரருக்குப் பாரிமுனை உயர் நீதிமன்றம் பக்கம், செங்கல்பட்டு தூரம். ஆனாலும் அவருடைய 'உள்ளூர்' மாவட்ட நீதிமன்றம் செங்கல்பட்டில்தான்.

இந்த ஊரில் கழிவுநீர்க் குழாய் பதிக்கும் ஒரு சிறிய ஒப்பந்ததாரரை எடுத்துக்கொள்வோம். வேலை கொடுத்தது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், அதாவது 2021 வரை குடிசை மாற்று வாரியம் என்று அழைக்கப்பட்ட நிறுவனம். அதன் தலைமையகம் சென்னை காமராசர் சாலையில். டெண்டரைத் திறந்ததும் ஏற்றதும் அங்கே என்று வைத்துக்கொள்வோம். பள்ளம் தோண்டியது இங்கே. உதவிப் பொறியாளர் அளவெடுத்து எம்-புக் என்ற அளவுப் புத்தகத்தில் எழுதியதும் இங்கே. காசோலை வரவேண்டியது அங்கிருந்து. இறுதி பில்லும் பிடித்தம் செய்த ரிடென்ஷன் தொகையும் மூன்று ஆண்டுகளை நெருங்கியும் வரவில்லை. வழக்கு எங்கே?

1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இதற்கு மூன்று கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. பிரதிவாதி குடியிருக்கும் இடம். அவர் தொழில் நடத்தும் இடம். வழக்கு மூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான நிகழ்வுகள், முழுமையாகவோ ஒரு பகுதியாகவோ எழுந்த இடம். ஒப்பந்த வழக்கில் அந்த 'ஒரு பகுதி' என்பது ஒப்பந்தம் உருவான இடமாகவும் இருக்கலாம், வேலை நடந்த இடமாகவும் இருக்கலாம், பணம் தரவேண்டிய இடமாகவும் இருக்கலாம். 1888-இல் பழைய சட்டத்தில் சேர்த்த ஒரு விளக்கம் இந்த மூன்று இடங்களையும் பெயர் சொல்லியே பட்டியலிட்டிருந்தது. 1908-இல் அந்த விளக்கத்தை எடுத்துவிட்டார்கள்; கொள்கை போகவில்லை. ஆகவே குழாய் பதித்தவர் செங்கல்பட்டு மாவட்ட நீதிமன்றங்களிலும் போடலாம், சென்னையிலும் போடலாம். சென்னையில் உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைடுக்குப் போகும் அளவுக்குத் தொகை பெரிதென்றால் அங்கே 20-ஆம் பிரிவு கிடையாது. அதற்குப் பதிலாக, உயர் நீதிமன்றத்தின் அதிகாரத்தை வகுத்த 1865-ஆம் ஆண்டின் லெட்டர்ஸ் பேட்டண்ட், 12-ஆம் கூறு. வழக்கு மூலத்தில் ஒரு பகுதி மட்டுமே நகருக்குள் எழுந்திருந்தால், முன்கூட்டியே நீதிமன்றத்தின் அனுமதி பெற்றாக வேண்டும்.

கட்டடம் எங்கே நிற்கிறதோ அங்கேதான் வழக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. நிலத்தின் மீதான உரிமைக்குத்தான் அந்த விதி. கட்டிக் கொடுத்ததற்குக் கூலி கேட்பது நில வழக்கு ஆகாது.

பிராது எழுதிப் பழகிய வக்கீல் குமாஸ்தாக்களுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம். ஒவ்வொரு பிராதிலும் கடைசியை ஒட்டி ஒரு பத்தி வரும். டெண்டர் அறிவிப்பு வெளியான நாள், ஒப்பந்தம் கையெழுத்தான நாள், வேலை முடிந்த நாள், பில் கொடுத்த நாள், நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி அரசுக்கு முன்னறிவிப்பு அனுப்பிய நாள் ஆகியவற்றிலும், இந்த நீதிமன்ற எல்லைக்குட்பட்ட இன்ன ஊரிலும் வழக்கு மூலம் எழுந்தது என்று மூச்சுவிடாமல் ஓடும் ஒரே வாக்கியம். படிக்கச் சலிப்பூட்டும் இந்தப் பத்தி சரியாக அமையவில்லை என்றால், நீதிமன்ற அலுவலகம் பிராதை எண்ணிடாமலே திருப்பித் தந்துவிடும். எண்ணிட்ட பிறகும் ஆபத்து தீர்ந்தபாடில்லை. எந்தக் கட்டத்திலும் நீதிமன்றம் தனக்கு அதிகாரம் இல்லையென்று பிராதைத் திருப்பலாம். நல்லெண்ணத்தோடு தவறான ஊரில் செலவழித்த காலத்தைக் காலவரம்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு கழித்துவிடும். வக்கீல் கட்டணத்தையும் ஒப்பந்ததாரர் கடனுக்குக் கட்டிய வட்டியையும் எந்தப் பிரிவும் கழிப்பதில்லை.

அரசாங்கம் எந்த ஊரில் குடியிருக்கிறது? கேட்பதற்குக் குறும்பாக இருந்தாலும், இந்திய நீதிமன்றங்கள் நூறாண்டுக்கும் மேலாகத் திரும்பத் திரும்பப் பதில் சொன்ன கேள்வி இது. அதற்கு முந்தைய கேள்வி, அரசாங்கத்தின் மீது வழக்கே போட முடியுமா என்பது. அதற்கு ஒரு புகழ்பெற்ற பதில் சென்னையில்தான் பிறந்தது. பம்பாயிலிருந்து மேற்குக் கடற்கரைத் துறைமுகங்களுக்குக் கப்பலில் உப்பு போய்க்கொண்டிருந்தபோது, வழியிலேயே உப்பு வரியை ஏற்றிவிட்டார்கள். கூடுதலாகப் பிடுங்கிய தொகையைத் திருப்பிக் கேட்டார் ஹரி பாஞ்சி என்ற வணிகர். இது அரசின் இறையாண்மைச் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்றது அரசுத் தரப்பு. சட்டத்தைக் காட்டி வாங்கிய வரியைச் சட்டத்தின் முன்பே கேள்வி கேட்கலாம் என்று 1882-இல் சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டது. அது ஒப்பந்த வழக்கல்ல, வரி வழக்கு. ஆனால் சர்க்கார் மீது வழக்கா என்று மலைத்து நின்றவர்களுக்கு அந்தத் தீர்ப்பு துணிவு தந்தது.

இடம் பற்றிய கேள்வி அதன் பிறகும் இழுத்தது. அரசாங்கம் ஆட்சி செய்கிறதே தவிர 'தொழில்' நடத்தவில்லை, ஆகவே தலைநகரில் இருக்கிறது என்பதற்காக மட்டும் தலைநகரில் வழக்குப் போட முடியாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 1886-இல் சொன்னது. இந்த நிலையை உச்ச நீதிமன்றம் 1963-இல் லாதுலால் ஜெயின் வழக்கில் அசைத்தது. ரயிலில் அனுப்பிய சரக்கு போய்ச்சேரவில்லை. வணிகர் கௌகாத்தியில் வழக்குப் போட்டார். ரயில் ஓட்டுவது தொழில்தான், அரசு ஓட்டினாலும் தொழில்தான்; வடகிழக்கு எல்லை ரயில்வேயின் தலைமையகம் பாண்டுவில் இருப்பதால் கௌகாத்தி நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பு வந்தது. லாபம் வருகிறதா இல்லையா என்பது பொருட்டில்லை என்றும் நீதிபதிகள் சொன்னார்கள்.

இதுவரை சொன்னது சட்டம் திறந்துவைத்த கதவுகள். அவற்றில் ஒன்றைத் தவிர மற்றவற்றைப் பூட்டும் வேலையைச் செய்வதுதான் டெண்டர் ஆவணத்தின் அந்த ஒற்றை வரி.

பூட்டலாமா? நீதிமன்றத்தை நாடும் உரிமையை முழுதாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. 1971-இல் ஹக்கம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குள் ஒரு வரம்பைக் கட்டியது. காமன் இந்தியா நிறுவனத்திடம் கட்டுமான வேலை எடுத்த ஹக்கம் சிங் வாரணாசியில் மனுப்போட்டார். வேலை எங்கே நடந்தாலும் ஒப்பந்தம் பம்பாயில் உருவானதாகவே கருதப்படும், பம்பாய் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று டெண்டரின் 13-ஆம் நிபந்தனை சொன்னது. அதிகாரமே இல்லாத நீதிமன்றத்துக்கு ஒப்பந்தத்தால் அதிகாரம் கொடுக்க முடியாது. ஆனால் இரண்டு நீதிமன்றங்களுக்கு அதிகாரம் இருக்கும்போது ஒன்றைத் தேர்ந்து மற்றதை விலக்கலாம் என்பது தீர்ப்பு. ஹக்கம் சிங் பம்பாய்க்கு ரயிலேற வேண்டியதாயிற்று. இன்றுவரை இந்தத் துறையில் வரும் ஒவ்வொரு தீர்ப்பும் இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

அடுத்த பெரிய வழக்கு சேலத்திலிருந்து போனது. குஜராத்தின் கைரா மாவட்டத்தில் ஜரிகை நூல் செய்யும் ஏ.பி.சி. லாமினார்ட் நிறுவனத்திடம் சேலத்து ஏ.பி. ஏஜென்சீஸ் சரக்குக்கு ஆர்டர் கொடுத்தது. தகராறு வந்து சேலம் சார்பு நீதிமன்றத்தில் வழக்கு. பேரத்தில் எழும் தகராறு கைரா நீதிமன்ற அதிகாரத்துக்குட்பட்டது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் 'மட்டும்' என்ற சொல் இல்லை. அந்தச் சொல் இல்லாததால் சேலத்துக் கதவு மூடவில்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறு வணிகர்களுக்கு ஆறுதலான தீர்ப்பு.

அந்த ஆறுதல் ஒரு தலைமுறைகூட நீடிக்கவில்லை. 2013-இல் வந்தது ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கு. எதிர்த்தரப்பு பொதுத்துறை நிறுவனமான இந்தியன் ஆயில். ஜெய்ப்பூரில் மசகெண்ணெய் விற்கும் முகவர் ராஜஸ்தானில் மனுப்போட்டார். ஒப்பந்தத்தின் 18-ஆம் கூறு கொல்கத்தா நீதிமன்றங்களைச் சொன்னது, 'மட்டும்' என்று சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, ஓர் ஊரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே மற்ற ஊர்களை விலக்கத்தான் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. சட்ட தர்க்கமாகப் பார்த்தால் குறை சொல்வதற்கில்லை. இரண்டு வணிகர்கள் பேசி முடித்த பேரத்துக்கு அது பொருந்தும். அரசு நிறுவனம் அச்சடித்து வைத்திருக்கும் படிவத்தில் கையெழுத்திடுபவர் எதைப் பேசி முடித்தார்? நிபந்தனைகளில் ஒரு வரியை அடித்துவிட்டு டெண்டர் போட்டால் அவர் டெண்டர் நிபந்தனைக்குட்படாத டெண்டர் என்று ஓரங்கட்டப்படும். சம்மதம் என்ற சொல்லை இந்த இடத்தில் நீதிமன்றங்கள் கொஞ்சம் தாராளமாகவே பயன்படுத்துகின்றன.

இதற்கு எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு உண்டு. அதற்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி ஒருவர் படேல் ரோட்வேஸின் போடி கிளையில் டெல்லிக்கு ஏலக்காய் மூட்டைகளை ஏற்றினார். டெல்லிக் கிடங்கில் தீப்பிடித்துச் சரக்கு போயிற்று. ரசீதில் பம்பாய் நீதிமன்றம் மட்டும் என்று அச்சிட்டிருந்தது. அவர் பெரியகுளம் சார்பு நீதிமன்றத்துக்குப் போனார். உச்ச நீதிமன்றம் 1991-இல் பெரியகுளத்தின் பக்கம் நின்றது. காரணம் 20-ஆம் பிரிவின் விளக்கவுரை. ஒரு நிறுவனத்துக்கு வழக்கு மூலம் எழுந்த ஊரிலேயே கிளை அலுவலகம் இருந்தால் அந்த ஊரில்தான் அது தொழில் நடத்துவதாகக் கருத வேண்டும். தலைமையகம் பம்பாயில் இருக்கிறது என்பதற்காகப் பம்பாய்க்கு அதிகாரம் வராது. அதிகாரமே இல்லாத ஊரை ஒப்பந்தத்தில் எழுதினால் ஹக்கம் சிங் விதிப்படி அந்த வரி செல்லாது. பெரும்பாக்கத்துக் குழாய்க்காரரின் வக்கீல் முதலில் கையிலெடுக்க வேண்டிய தீர்ப்பு இது. வாரியத்தின் கோட்ட அலுவலகம் எங்கே இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் யார், எந்த அலுவலகத்தில் வைத்து என்று அவர் தோண்டிப் பார்க்க வேண்டும். எல்லாம் கோட்டத்திலேயே நடந்திருந்தால் சென்னைக்கு அதிகாரம் உண்டா என்பதே விவாதத்துக்குரியதாகிவிடும். தலைமையகத்தில் ஒரு துண்டு வேலை நடந்திருந்தாலும் அந்த வாதம் பலவீனப்படும்.

பணம் கேட்பது ஒரு வகை வழக்கு. டெண்டரே தனக்குக் கிடைக்காமல் போனதை எதிர்ப்பது வேறு வகை; அதற்கு வழி நீதிப்பேராணை. இதன் இட வரலாற்றிலும் சென்னைக்குப் பெரிய பங்குண்டு. 1952-இல் காக்கிநாடா தொகுதியிலிருந்து சென்னை சட்டமன்றத்துக்குத் தேர்வான சாகா வெங்கடராவ், 1942-இல் தண்டனை பெற்றவர். அவருடைய தகுதி பற்றித் தேர்தல் ஆணையம் விசாரிக்கத் தொடங்கியபோது சென்னை உயர் நீதிமன்றம் ஆணையத்துக்கு எதிராக ஆணையிட்டது. ஆணையம் டெல்லியில் இருக்கிறது, சென்னையின் பேராணை அங்கே போகாது என்று 1953-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதாவது கன்னியாகுமரிக்காரருக்கு மத்திய அரசின் ஆணையால் பாதிப்பு வந்தாலும் வடக்கே போயாக வேண்டும் என்ற நிலை. பத்தாண்டு கழித்து, 1963-இல், 15-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இதை மாற்றியது. வழக்கு மூலத்தின் ஒரு பகுதி தன் எல்லையில் எழுந்திருந்தாலே போதும், அதிகாரியின் இருக்கை எங்கிருந்தாலும் உயர் நீதிமன்றம் பேராணை அனுப்பலாம்.

கதவு திறந்ததும் கூட்டம் எந்தப் பக்கம் ஓடியது என்பதற்கு 1994-ஆம் ஆண்டு நிக்கோ வழக்கு சாட்சி. குஜராத்தின் ஹசிராவில் ஓ.என்.ஜி.சி. மண்ணெண்ணெய் பிரிக்கும் ஆலை அமைக்க டெண்டர் கோரியது. விளம்பரம் நாளிதழில் வந்தது. கொல்கத்தாவில் இருந்த நிக்கோ நிறுவனம் அதைக் கொல்கத்தாவில் படித்தது, கொல்கத்தாவிலிருந்து டெண்டர் அனுப்பியது, நிராகரிப்பை எதிர்த்துக் கொல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போய் ஆணையும் வாங்கியது. பேப்பரை எந்த ஊரில் படித்தீர்கள் என்பது வழக்கு மூலம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடி, 50,000 ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. ஆலை ஹசிராவில், முடிவெடுத்தது டெல்லியில். கொல்கத்தாவுக்கு இதில் என்ன வேலை? இந்தத் தீர்ப்போடு யாரும் சண்டை பிடிக்க முடியாது.

நமக்கு நெருக்கமான இன்னொரு வழக்கில் சென்னையே எதிர்முனை. சென்னைத் துறைமுகம் வழியாக இறால் ஏற்றுமதி செய்து, அதற்கான சலுகைக் கணக்கைச் சென்னை அதிகாரிகளிடமே வைத்திருந்த அதானி எக்ஸ்போர்ட்ஸ், தகராறு வந்தபோது அகமதாபாத்தில் வழக்குப் போட்டது. நிறுவனம் அகமதாபாத்தில் இருக்கிறது என்பது போதாது, நடந்ததெல்லாம் சென்னையில் என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் திருப்பியனுப்பியது. ஆக, பெரிய நிறுவனமும் தன் வீட்டு வாசலுக்கு வழக்கை இழுக்கத்தான் பார்க்கிறது.

ஒப்பந்தத்தின் ஒற்றை வரி பேராணையையும் கட்டுப்படுத்துமா? அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பின் விதி, சென்னை நீதிமன்றங்களுக்கு மட்டுமே அதிகாரம் என்றது. அதைக் காட்டி மகாராஷ்டிர சங்கத்தின் மனுவைப் பம்பாய் உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. தனியார் உடன்பாடு அரசியலமைப்பு தந்த அதிகாரத்தைப் பறிக்காது. அதை ஒரு காரணியாக நீதிமன்றம் கருதலாம், அவ்வளவே. டெண்டர்க்காரர்களுக்கு இது முக்கியம். தமிழ்நாட்டில் டெண்டர் ஏற்பை எதிர்த்து, 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம். அங்கேயும் ஒரு கிளைக் கேள்வி: 2004 ஜூலையில் மதுரைக் கிளை வந்தபின் தென்மாவட்ட வேலைக்குச் சென்னையில் முடிவெடுத்த டெண்டரை எங்கே எதிர்ப்பது? இரண்டு பக்கமும் வாதம் உண்டு. வேலை நடக்கும் மாவட்டத்தை வைத்து மதுரைக்குப் போவதே அந்தக் கிளை எதற்காக வந்ததோ அந்த நோக்கத்துக்கு இசைவானது.

நீதிமன்றமே வேண்டாம், நடுவர் போதும் என்று எழுதிய ஒப்பந்தங்களில் கதை இன்னும் கூர்மையாகிறது. நடுவர் மன்றத்தின் 'இருக்கை' என்று எந்த ஊரை எழுதுகிறார்களோ அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் என்று 2017-இல் இண்டஸ் மொபைல் வழக்கில் முடிவாயிற்று. சரக்கு போனது டெல்லியிலிருந்து சென்னைக்கு, எழுதியிருந்தது மும்பை. அங்கே எதுவுமே நடக்கவில்லை, ஆனாலும் மும்பைதான்.

பொது ஒப்பந்தத்தில் இது எப்படி முடியும் என்பதற்கு அசாம், அருணாசல எல்லையில் கட்டிய சுபன்சிரி நீர்மின் திட்டம் எடுத்துக்காட்டு. என்.எச்.பி.சி.யின் அலுவலகம் ஃபரீதாபாத்தில். நடுவர் விசாரணை புதுடெல்லியில் அல்லது ஃபரீதாபாத்தில் என்று ஒப்பந்தம். டெல்லியில் 71 அமர்வுகள் நடந்தன. 2016 ஆகஸ்டில் ஒப்பந்ததாரருக்கு 400 கோடி ரூபாய்க்கு மேல் தரச்சொல்லித் தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கோரி என்.எச்.பி.சி. ஃபரீதாபாத்தில் மனுப்போட்டது, அங்கிருந்து குருகிராம் வணிக நீதிமன்றம், அது டெல்லிக்குப் போ என்றது, பஞ்சாப் அரியானா உயர் நீதிமன்றம் ஃபரீதாபாத்தே சரி என்றது, 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி என்று முடித்தது. மெட்ரோ ரயிலில் போய்வரக்கூடிய இரண்டு ஊர்களில் எது என்று தீர மூன்று ஆண்டுக்கு மேல். தீர்ப்பு சரியா தவறா என்ற விசாரணை அதற்குப் பிறகுதான்.

2024 ஜூன் 3-ஆம் நாள் மத்திய நிதியமைச்சகம் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கொள்முதல் ஒப்பந்தங்களில் நடுவர் விதியை வழக்கம்போல் எழுதிவிட வேண்டாம். பத்துக் கோடிக்குக் குறைந்த தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளலாம். மற்றவற்றுக்குச் சமரசமும் நீதிமன்றமும். நடுவர் தீர்ப்புகளால் கையைச் சுட்டுக்கொண்ட அரசுத் துறைகளின் எரிச்சல் இதில் தெரிகிறது. பெரிய பொது ஒப்பந்தங்கள் மறுபடியும் உரிமையியல் நீதிமன்றங்களை நோக்கித் திரும்புவதால், எந்த ஊர் என்ற பழைய கேள்விக்கு இனி வேலை அதிகம்.

அந்த நீதிமன்றத்துக்குப் போவதும் நேர்வழியல்ல. அரசே பிரதிவாதி என்றால் இரண்டு மாத முன்னறிவிப்பு. கட்டுமான ஒப்பந்தமும் டெண்டரும் வணிகத் தகராறு என்ற வரையறைக்குள் வருவதால், மதிப்பு 3 லட்சத்தைத் தாண்டினால் வணிக நீதிமன்றம். அவசர நிவாரணம் கேட்காத வழக்குக்கு முன்சமரசம் கட்டாயம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைந்தது. ஒரு கோடிக்கு 3 லட்சம். மகாராஷ்டிரத்தில் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, இங்கே கிடையாது. ஊர் மாறினால் பயணச் செலவு மட்டுமல்ல, கட்டணக் கணக்கும் மாறுகிறது.

இத்தனை பூட்டுகளுக்கு நடுவில் ஒரே ஒரு சட்டம் கதவைச் சிறியவர் பக்கம் திறக்கிறது. 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பொருள் கொடுத்தவர் எந்த எல்லையில் இருக்கிறாரோ அந்த எல்லையின் வசதியாக்க மன்றத்துக்கே அதிகாரம் என்கிறது. வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. திருமுடிவாக்கம் சிட்கோ பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவர் வடநாட்டுப் பொதுத்துறை ஆலைக்கு உதிரிபாகம் அனுப்பிப் பணம் வராமல் நின்றால், அந்த ஊருக்கு அலைய வேண்டாம். சென்னையிலேயே மனுக் கொடுக்கலாம். தாமதத்துக்கு வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. தீர்ப்பை எதிர்க்க விரும்பும் வாங்குநர் முதலில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு நடுவர் விதி இருந்தாலும் இந்தச் சட்டமே மேலானது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஆனால் சரக்கு கொடுக்கும் முன்பே பதிவு செய்திருக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. கட்டுமான ஒப்பந்தங்களுக்கு இது பொருந்தாது என்று பம்பாய் உள்ளிட்ட உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருப்பதால், குழாய் பதித்தவருக்கு இந்த வழி உறுதியில்லை. குழாயை விற்றவருக்கு உண்டு, பதித்தவருக்குச் சந்தேகம். இந்தப் பிரிவினைக்கு நியாயம் சொல்வது கடினம்.

வெளிநாடுகளில் இரண்டு எதிரெதிர் வழிகள். அமெரிக்காவில் கூட்டாட்சி அரசுடனான ஒப்பந்தத் தகராறுக்கு ஒரே இடம் என்பது அடிப்படை. 1855-இல் தொடங்கிய உரிமைக்கோரல் நீதிமன்றத்தின் வழித்தோன்றல் வாஷிங்டனில் இருக்கிறது. 1978-ஆம் ஆண்டுச் சட்டம் ஒப்பந்ததாரருக்கு அந்த நீதிமன்றம் அல்லது மேல்முறையீட்டு வாரியம் என்று தேர்வு தருகிறது. நீதிபதிகள் பிற ஊர்களுக்குப் போய் விசாரிக்கவும் இடமுண்டு. பிரான்ஸில் பொது ஒப்பந்தங்களுக்குத் தனி நிர்வாக நீதிமன்றங்கள், எந்த ஊர் என்பதையும் நடைமுறை விதியே சொல்லிவிடுகிறது: ஒப்பந்தம் நிறைவேற வேண்டிய இடம். அந்த இடம் ஒன்றுக்கு மேற்பட்ட எல்லைகளில் பரவினால் கையெழுத்திட்ட இடம்.

தமிழ்நாட்டுக்குப் பிரெஞ்சு வழியே தோது. எம்-புக் இருப்பது வேலை நடந்த இடத்தில். அளந்த பொறியாளரும் சரக்கு இறக்கிய லாரிக்காரரும் சாட்சி சொல்ல வேண்டியவர்கள், அவர்களும் இங்கேயே. பதித்த குழாய் எத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க வழக்கறிஞர் ஆணையரை அனுப்புவதும் அருகில் உள்ள நீதிமன்றத்துக்கு எளிது. தலைமையகத்தின் வசதி என்பது கோப்பின் வசதி. இ-டெண்டர் வந்தபின் கோப்பு எந்த ஊரிலும் திறக்கும். பெரும்பாக்கம் போன்ற ஊரில், தூரத்துச் செங்கல்பட்டைவிடத் தாம்பரம் நீதிமன்றங்களுக்கு இந்த வழக்குகளை ஒதுக்கினால் வேலை நடந்த இடத்துக்கும் வழக்கு நடக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி இன்னும் குறையும். உள்கட்டமைப்பு ஒப்பந்த வழக்குகளுக்கென்று உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியோடு கலந்து சிறப்பு நீதிமன்றங்களைக் குறிப்பிட 2018-இல் திருத்திய குறிப்பிட்ட பரிகாரச் சட்டத்தின் 20பி பிரிவு மாநில அரசுகளைச் சொல்கிறது. அவற்றை எந்தெந்த ஊரில் வைப்பது என்று பேசும்போது தாம்பரத்தின் பெயரையும் எழுத வேண்டும்.

அதுவரை ஒப்பந்ததாரர் கையில் இருப்பது டெண்டருக்கு முந்தைய கூட்டம். விலை, கால அவகாசம், சிமெண்ட் தரம் பற்றியெல்லாம் அங்கே கேள்விகள் எழுதிக் கொடுக்கிறார்கள். துறை பதிலெழுதித் திருத்த அறிவிப்பும் வெளியிடுகிறது. திருத்திய நிபந்தனை டெண்டர் போடும் அத்தனை பேருக்கும் ஒன்றாகவே பொருந்துவதால், அந்தக் கட்டத்தில் கேட்பவரை யாரும் ஓரங்கட்ட முடியாது. நீதிமன்றம் எந்த ஊர் என்ற நிபந்தனையை வேலை நடக்கும் மாவட்டம் என்று மாற்றச் சொல்லி எழுத்தில் கேட்பதற்கும் அந்தக் கூட்டத்தில் தடை ஏதுமில்லை.